சீன மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணம்: பிழை திருத்தமும் கோடிட்ட இடமும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். சீனாவிலிருந்து இங்கே படிக்க வந்த உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், வேலைக்காக வந்த பெரியவர்கள் சிலருக்கும் பல வருடமாக ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். இதே வேலையில் இறங்குகிற தமிழ் ஆசிரியர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதியிருக்கிறேன். ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இந்தப் பிழைகளில் பாதி காதில்தான் முதலில் தெரியும்.

முதலில், இந்த இரண்டு பயிற்சியும் என்ன? நம் ஊர் கிராமர் புத்தகத்தில் வருவதுதானா?

கிட்டத்தட்ட அதுதான், ஆனால் சீனாவில் இவற்றுக்கென்று ஒரு நிலையான வடிவம் இருக்கிறது. காவோகாவோ என்கிற கல்லூரி நுழைவுத் தேர்வு ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும். நாடு முழுக்க அதற்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண்.

பழைய தேசியத் தாளில் துவான்வென் கைத்சுவோ, அதாவது பிழை திருத்தம், என்று ஒரு பகுதி இருந்தது. ஒரு மாணவர் எழுதியது போன்ற சிறிய பத்தி, 100 சொல் சுமாருக்கு. அதில் 10 பிழைகள், ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். ஒரு பிழைக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் தொடலாம்: விட்டுப்போன சொல்லைச் சேர்க்க வேண்டும், வேண்டாத சொல்லை அடிக்க வேண்டும், அல்லது தப்பான சொல்லை மாற்ற வேண்டும். சேர்ப்பதற்குக் கூரை மாதிரி ஒரு குறி, நீக்குவதற்குச் சாய்கோடு, மாற்றுவதற்கு அடிக்கோடு. பதினோராவது திருத்தம் செய்தால் அதற்கு மதிப்பெண் கிடையாது, ஆகவே கண்ணை மூடிக்கொண்டு பத்து இருபது இடத்தில் கை வைக்க முடியாது. வழக்கமாக ஒரு சேர்ப்பு, ஒரு நீக்கம், எட்டு மாற்றம் என்ற கணக்கில் வரும், மாணவர்கள் அதை மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள்.

இன்னொன்று யுஃபா தியென்கோங், கோடிட்ட இடம் நிரப்புவது. 200 சொல் அளவுக்கு ஒரு பத்தி, 10 இடம், ஒவ்வொன்றுக்கும் 1.5 மதிப்பெண். ஆறேழு இடத்தில் அடைப்புக்குள் ஒரு சொல் கொடுத்திருப்பார்கள், அதைச் சரியான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மீதி இடங்கள் வெறுமையாக இருக்கும், அங்கே ஒரே ஒரு சொல் எழுத வேண்டும். விடைகளில் இருந்து பொறுக்கி எடுக்கும் வேலை இல்லை. குவாங்தோங் மாகாணம் 2007-லேயே இதைக் கொண்டுவந்துவிட்டது. தேசியத் தாளில் 2014-இல் வந்தது, அதுவரை அங்கே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இலக்கணக் கேள்விகள் இருந்தன.

பிழை திருத்தும் பகுதியைத்தான் எடுத்துவிட்டார்களே, அப்புறம் எதற்கு அதைப் பயிற்சி செய்ய வேண்டும்?

உண்மைதான். 2020-இல் இருந்து பல மாகாணங்களுக்கு வந்த புதிய தாளில் அந்தப் பகுதி இல்லை. கோடிட்ட இடம் மட்டும் 15 மதிப்பெண்ணோடு அப்படியே நிற்கிறது. ஆனால் பிழை திருத்தத்தின் 10 மதிப்பெண் எங்கே போனது என்று பாருங்கள். பழைய தாளில் எழுதும் பகுதிக்கு 25, புதிய தாளில் 40. ஒரு கடிதம் போன்ற சிறிய எழுத்துக்கு 15, பாதியில் நிற்கும் ஒரு கதையைப் படித்துவிட்டு மேலே தொடர்ந்து எழுதுவதற்கு 25. அங்கே மாணவன் செய்யும் பிழையை யாரும் வந்து கோடு போட்டுக் காட்ட மாட்டார்கள், அவனே கண்டுபிடித்து அவனே திருத்த வேண்டும்.

ஆகவே நான் இதை விடவில்லை, விடவும் மாட்டேன். அது ஒரு கேள்வி வகையாக இருந்தபோது பிள்ளைகள் அதை ஒரு தந்திரமாகக் கற்றார்கள். இப்போது தன் எழுத்தைத் தானே பார்க்கும் பழக்கமாகக் கற்கலாம், அதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. சிங்கப்பூரிலேயே உயர்நிலை இறுதித் தேர்வின் ஆங்கிலத் தாளில் பிழை திருத்தம் 10 மதிப்பெண்ணுக்கு வருகிறது, அதனால் இங்கே வந்த பிள்ளைகளுக்கு இது நேரடியாகவும் தேவை.

சீன மாணவர்கள் எல்லோரும் ஏன் அதே பத்துப் பதினைந்து பிழைகளையே செய்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் சுலபம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் சிவப்பு மையில் எழுதிவிடுகிறார்கள். அநேகமாக அது கவனக்குறைவு இல்லை. ஆங்கிலம் கேட்கிற ஒரு தகவலை அவர்களுடைய மொழி சொல்லில் காட்டுவதே இல்லை என்பதுதான் காரணம்.

வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வந்தாள் என்று ஒரே சொல்லில் காலம், ஆண் பெண், ஒருமை, எல்லாம் இருக்கிறது. சீனத்தில் லாய் என்பது நேற்றைக்கும் லாய், நாளைக்கும் லாய், நானும் லாய், அவர்களும் லாய். நேற்று என்ற சொல்லை வைத்துவிட்டால் காலம் தெரிந்துவிட்டது, அப்புறம் வினைச்சொல்லை வேறு எதற்கு மாற்றுவது? 'யெஸ்டர்டே ஐ கோ டு த மார்க்கெட்' என்று எழுதும் பிள்ளைக்கு அந்த வாக்கியத்தில் எந்தக் குறையும் தெரியாது. ல என்று ஒரு ஒட்டு உண்டே என்பீர்கள். அது வேலை முடிந்ததைக் காட்டுவது, இறந்தகாலக் குறி இல்லை. அதை ஆங்கில இறந்தகாலத்தோடு சமப்படுத்திச் சொல்லிக்கொடுத்தால் புதிய குழப்பம்தான் வரும்.

பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி கிடையாது (ஆட்களுக்கு மட்டும் மென் என்று ஒன்று உண்டு, எண் சொன்னால் அதுவும் வராது). இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. நாலு இட்லி, ரெண்டு காபி, பத்து ரூபாய் என்றுதானே நாமும் சொல்கிறோம். நாலு என்று சொன்ன பிறகு இட்லிகள் என்று சொன்னால் நம் காதுக்கே செயற்கையாக இருக்கிறது. சீன மாணவனுக்கு ஆங்கிலம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவன், அவள், அது மூன்றுக்கும் பேச்சில் தா என்ற ஒரே ஒலி. எழுதும்போதுதான் வேறு வேறு எழுத்து. பெண்ணுக்கென்று தனி எழுத்து பரவியதே 1920 வாக்கில், கவிஞர் லியூ பான்னோங் போன்றவர்கள் அதை வலியுறுத்திய பிறகுதான். அதனால் தன் அம்மாவைப் பற்றி எழுதும்போதே நடுவில் 'ஹி' வந்துவிடும். மிக நன்றாக ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கும் வரும். மரியாதைக் குறைவு என்றோ கவனம் இல்லை என்றோ தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இணைப்புச் சொற்கள் அங்கே ஜோடியாக வரும். யின்வெய் என்று தொடங்கினால் சுவோயி என்று முடியும், சுவேய்ரான் என்று தொடங்கினால் தான்ஷி வரும். அதை அப்படியே கொண்டுவந்தால் 'பிகாஸ்' உள்ள வாக்கியத்தில் ஒரு 'சோ', 'ஆல்தோ' உள்ள வாக்கியத்தில் ஒரு 'பட்'. பழைய தாள்களில் நீக்க வேண்டிய சொல்லாக இது வந்தால் மாணவர்கள் துள்ளிக் குதிப்பார்கள், அவ்வளவு பழக்கமான பிழை. யோ என்ற வினை 'என்னிடம் இருக்கிறது', 'அங்கே இருக்கிறது' இரண்டையும் சொல்லும், அதனால் 'தேர் ஹேவ் மெனி பீப்பிள்' வரும். பெயரடையே வினைபோல நிற்கும் மொழி என்பதால் 'ஐ வெரி ஹேப்பி' என்று வரும். அதைத் திருத்தித் திருத்தி 'ஆம்' போடச் சொன்ன பிறகு, பயந்துபோய் 'ஐ ஆம் அக்ரீ' என்று தேவையில்லாத இடத்திலும் 'ஆம்' வந்து உட்காரும்.

இன்னொரு காரணம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. மாண்டரின் சீனத்தில் ஒரு அசையின் கடைசியில் ந், ங் என்ற இரண்டு மெய்கள்தான் வரும், பெய்ஜிங் பக்கம் ர் போன்ற ஒன்றும் வரும். ஸ், ட், டு என்று எந்த அசையும் முடியாது. ஆங்கிலத்திலோ பன்மை, இறந்தகாலம், 'ஹி' 'ஷி' க்கான வினை எல்லாமே சொல்லின் வாலில் ஒட்டுகிற ஸ், ட் தான்! அந்த வாலை வாய் சொல்வதில்லை, காது கேட்பதில்லை, அதனால் கையும் எழுதுவதில்லை. (நாம் பஸ்ஸு, புக்கு என்று ஒரு உகரத்தைச் சேர்த்து அந்த மெய்யைக் காப்பாற்றிக்கொள்கிறோம், அதனால் நமக்கு இந்தச் சிக்கல் குறைவு.) என் வகுப்பில் எந்தப் பத்தியையும் மௌனமாகத் திருத்த விடுவதில்லை. வாலைக் கொஞ்சம் மிகைப்படுத்தியே சொல்லி வாய்விட்டுப் படிக்க வேண்டும். இரண்டு மாதத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

தமிழ் தாய்மொழியாக இருப்பது இந்த வேலைக்கு உதவியா, தடையா?

உதவி என்றே சொல்வேன். நமக்கும் ஆர்டிக்கிள் ('எ', 'ஆன்', 'த') இல்லை, நமக்கும் 'நேற்று வந்த பையன்' என்று விளக்கம் பெயருக்கு முன்னால்தான் வரும். சீனத்திலும் அப்படியே, 'நேற்று வந்த' என்பதற்குப் பின்னால் த என்ற ஒட்டு, அதற்கு அப்புறம்தான் பையன். அதனால் 'த பாய் ஹூ கேம் யெஸ்டர்டே' என்று விளக்கத்தைப் பின்னால் தள்ளுவது எவ்வளவு பெரிய புரட்டல் என்று நமக்குச் சொல்லாமலே தெரியும், பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசியவருக்கு அது உறைக்காது. வினையின் காலத்தில் மட்டும் நம் அனுபவத்தை அவர்கள் மேல் ஏற்றாதீர்கள். நாம் அதைப் பிறவியிலேயே செய்கிறோம், அவர்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

ஒரு பிழை திருத்தப் பத்தியை எங்கிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும்?

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடவே கூடாது. என்ன கதை, எப்போது நடந்தது, யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் படிக்க வேண்டும். காலமும் ஆட்களும் தெரியாமல் டென்ஸையும் 'ஹி' 'ஷி' யையும் திருத்தவே முடியாது. பல மாணவர்கள் முதல் வரியிலேயே வேட்டையைத் தொடங்கிவிடுவார்கள், அது பெரிய தப்பு.

நான் வகுப்புக்காக எழுதிய பத்தி ஒன்று இதோ, 7 பிழை இருக்கிறது, படித்துப் பாருங்கள்:

'லாஸ்ட் சண்டே மை கிராண்ட்மதர் டேக் மீ டு எ ஓல்ட் டீ ஹவுஸ். தேர் ஹேட் மெனி பீப்பிள் இன்சைட். வீ சாட் நியர் விண்டோ அண்ட் ஆர்டர்ட் டூ கப் ஆஃப் டீ. ஆல்தோ த டீ வாஸ் பிட்டர், பட் ஐ லைக்ட் இட் வெரி மச். கிராண்ட்மதர் செட் தட் ஹி ஃபர்ஸ்ட் கேம் தேர் அஸ் எ லிட்டில் கேர்ள்.'

போன ஞாயிறு நடந்தது, பாட்டி, தேநீர்க் கடை. சரி, இப்போது இரண்டாவது வாசிப்பு, வினைச்சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். 'டேக்' என்பது 'டுக்' ஆக வேண்டும். 'தேர் ஹேட்' என்பது 'தேர் வேர்'. மற்ற வினைகள் எல்லாம் சரி. மூன்றாவது முறை பெயர்ச்சொற்கள்: ஒவ்வொன்றின் முன்னாலும் பின்னாலும் பார்க்க வேண்டும், முன்னால் என்ன நிற்கிறது, வாலில் என்ன இருக்கிறது. 'எ ஓல்ட்' என்பது 'ஆன் ஓல்ட்', 'விண்டோ'வுக்கு முன் 'த' வேண்டும், 'டூ கப்' என்பது 'டூ கப்ஸ்'. கடைசியாக வாக்கியங்கள் ஒட்டுகிற இடம், பிரதிப்பெயர்கள்: 'ஆல்தோ' இருப்பதால் 'பட்' போக வேண்டும், பாட்டி 'ஹி' ஆக முடியாது.

வினை, பெயர், ஒட்டு. இந்த வரிசையை மாற்றாமல் செய்தால் பெரும்பாலான பிழைகள் வலையில் விழுந்துவிடும். சீனப் பள்ளிகளில் இதற்கென்று எதுகையோடு ஒரு சின்னப் பாட்டே சொல்லிக்கொடுக்கிறார்கள், வினை வடிவம், பெயரின் எண், பெயரடையா வினையடையா பார் என்று தொடங்கும். உங்கள் மாணவருக்கு அது தெரிந்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள், புதிதாக ஒன்றைத் திணிக்க வேண்டாம்.

மாணவன் சரியாக இருப்பதையும் மாற்றிவிடுகிறான், என்ன செய்வது?

இது பத்தில் எட்டுப் பேருக்கு நடக்கும் என்று என் அனுபவத்தில் சொல்லலாம். 10 பிழை இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிவதால் ஏழு கண்டுபிடித்த பிறகு மீதி மூன்றை உற்பத்தி செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். அதற்கு நான் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஏன் என்று சொல்ல முடியாவிட்டால் தொடாதே. காரணத்தைச் சீனத்தில் சொன்னாலும் சரி, ஆனால் சொல்ல வேண்டும். 'கேட்க நன்றாக இல்லை' என்பது காரணம் ஆகாது.

அப்புறம், சில பத்திகளில் பிழையே வைக்காமல் கொடுங்கள். முன்கூட்டிச் சொல்லாதீர்கள். முதல் தடவை கோபப்படுவார்கள், அடுத்த தடவையிலிருந்து நிதானம் வரும்.

தப்பான வாக்கியங்களை அடிக்கடி பார்த்தால் அதுவே மனதில் பதிந்துவிடாதா?

நியாயமான பயம். சின்னப் பிள்ளைகளுக்கு, ஆங்கிலம் தொடங்கி ஓரிரண்டு வருடமே ஆனவர்களுக்கு, நானும் இதைத் தருவதில்லை. சீனாவில் 2001-க்குப் பிறகு மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் தொடங்குகிறது. அந்த வயதில் சரியான வாக்கியங்களை நிறையக் கேட்பதும் படிப்பதும்தான் வேண்டும், அதிகம் போனால் எளிய கோடிட்ட இடம். உயர்நிலைக்கு வந்தவர்களின் நிலைமை வேறு. அந்தத் தப்பு ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது, நாம் புதிதாக விதைக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: திருத்திய பிறகு முழுப் பத்தியையும் சரியான வடிவில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் நோட்டை மூட வேண்டும். காதில் கடைசியாக விழுவது சரியான வாக்கியமாக இருக்கட்டும்.

கோடிட்ட இடத்தில் அடைப்புக்குள் வினைச்சொல் கொடுத்தால் பிள்ளைகள் தடுமாறுகிறார்களே, அதற்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. மொத்தப் பகுதியிலும் இதுதான் கடினம், இதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

சீனத்தில் வினைச்சொற்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகலாம், எதுவும் உருமாற வேண்டாம், நடுவில் காற்புள்ளி போட்டால் போதும். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு முழு வினைதான் இருக்கலாம், இன்னொன்று வேண்டுமென்றால் ஒரு இணைப்புச் சொல் வேண்டும். அதனால் மாணவன் முதலில் எண்ண வேண்டும்: இந்த வாக்கியத்தில் ஏற்கெனவே முழு வினை இருக்கிறதா? இருந்தால், இணைப்புச் சொல் இருக்கிறதா?

உதாரணத்துக்கு வூஹானில் யாங்சி ஆற்றின் மேல் 1957-இல் கட்டி முடித்த பாலத்தை எடுத்துக்கொள்வோம். கொடுத்திருக்கும் சொல் 'பில்டு' (build), கட்டுவது. முதல் வாக்கியம்: 'த பிரிட்ஜ் ____ இன் 1957 இஸ் ஸ்டில் இன் யூஸ்.' இங்கே 'இஸ்' என்ற முழு வினை இருக்கிறது, இணைப்புச் சொல் இல்லை. ஆக நம் சொல் முழு வினையாக நிற்க இடமே இல்லை, 'கட்டப்பட்ட' என்ற எச்சமாகத்தான் வரும்: 'பில்ட்' (built), இறந்தகால எச்ச வடிவம். இரண்டாவது வாக்கியம்: 'த பிரிட்ஜ் ____ இன் 1957 அண்ட் இஸ் ஸ்டில் இன் யூஸ்.' ஒரே ஒரு 'அண்ட்' வந்துவிட்டது, இப்போது இரண்டு முழு வினை வேண்டும், ஆகவே 'வாஸ் பில்ட்'. இந்த ஜோடியைக் கரும்பலகையில் எழுதி வைத்தால் பல பேருக்கு முகம் மலர்வதைப் பார்க்கலாம், வருடக்கணக்காக மூடுமந்திரமாக இருந்தது ஒரு கணக்காக மாறிவிடுகிறது. நமக்கு இது சுலபமாகப் புரியும், கட்டப்பட்ட பாலம், பாலம் கட்டப்பட்டது என்று பெயரெச்சம், வினைமுற்று என்று பள்ளியிலேயே பிரித்துப் படித்தவர்கள் நாம்.

முழு வினை என்று முடிவாகிவிட்டால் அப்புறம் மூன்று கேள்விகள்: எப்போது, எழுவாய் ஒருமையா பன்மையா, எழுவாய் செய்கிறதா செய்யப்படுகிறதா. எச்சம் என்று முடிவானால் ஒரே கேள்வி: அந்தப் பெயர் தானே செய்கிறதா, அதற்குச் செய்யப்படுகிறதா, அல்லது ஒரு நோக்கமா? விடை ஒரு சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பது வெறுமையான இடத்துக்கு மட்டும்தான், சொல் கொடுத்த இடத்தில் இரண்டு மூன்று சொல்லாகவும் வரலாம் என்பதை ஞாபகப்படுத்துங்கள். தெரியாமல் 'வாஸ்' ஐ விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சொல்லே கொடுக்காத வெறும் இடத்துக்கு?

அங்கே வருவது ஆர்டிக்கிள், முன்னிடைச்சொல் ('இன்', 'அட்' போன்றவை), இணைப்புச் சொல், பிரதிப்பெயர் என்ற ஒரு சின்னக் குடும்பம்தான். இரண்டு பக்கமும் முழு வாக்கியம் இருந்தால் இணைப்புச் சொல். பின்னால் பெயர்ச்சொல் மட்டும் இருந்தால் ஆர்டிக்கிளோ முன்னிடைச்சொல்லோ. முன்னால் ஒரு பெயரும் பின்னால் அதை விளக்கும் வாக்கியமும் இருந்தால் 'விச்', 'ஹூ', 'வேர்' வகை. பக்கத்தில் உள்ள இரண்டு சொல்லை மட்டும் பார்க்காமல் முற்றுப்புள்ளி வரை படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆர்டிக்கிள் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. விதிகளை எல்லாம் சொல்லிவிட்டேன்.

விதிப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். சீன மாணவனுக்குத் தெரிந்தது, தெரியாதது என்ற வேறுபாடு ஏற்கெனவே தெரியும், அவன் மொழி அதைச் சொற்களின் வரிசையில் வைத்திருக்கிறது. கெரன் என்றால் விருந்தாளி. 'கெரன் லாய் ல' என்றால் நாம் எதிர்பார்த்துக்கொண்டிருந்த விருந்தாளி வந்துவிட்டார். 'லாய் கெரன் ல' என்று புரட்டினால் யாரோ ஒரு விருந்தாளி வந்திருக்கிறார். முதலாவது 'த கெஸ்ட்', இரண்டாவது 'எ கெஸ்ட்'. இதை ஒரு மாணவிக்குக் காட்டியபோது அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இதை ஏன் யாரும் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டாள்.

இதற்கு மேல் ஒரே ஒரு பழக்கம் போதும். எண்ணக்கூடிய பொருள், ஒருமையில் இருந்தால், முன்னால் ஏதாவது ஒரு துணை இல்லாமல் தனியாக நிற்கக் கூடாது: 'எ', 'த', 'மை', 'திஸ்', எதுவோ ஒன்று. தனியாக நிற்கும் ஒருமைப் பெயர்களைத் தேடு என்று சொல்லிப் பத்தியைக் கொடுங்கள். 'ஆர்டிக்கிள் பிழையைத் தேடு' என்றால் கண்ணில் படாதது இப்படிச் சொன்னால் படும்.

ஒரு நாளைக்கு எத்தனை பத்தி?

ஒன்று. ஒன்றே போதும், பதினைந்து நிமிடம் செய்து, அதே அளவு நேரம் பேச வேண்டும்.

பிழை நோட்டு வைத்திருக்கிறார்கள், ஆனாலும் அதே தப்பு வருகிறது?

சுவோதிபென், தவறு நோட்டு, சீனப் பள்ளிகளில் கிட்டத்தட்ட எல்லாப் பாடத்துக்கும் வைத்திருப்பார்கள். அழகான கையெழுத்து, மூன்று நிற மை, கேள்வியை முழுதாகப் பார்த்து எழுதியிருப்பார்கள். உழைப்பைப் பார்த்தால் மனம் கனத்துவிடும், ஏனென்றால் எழுதிய பிறகு பலர் அதைத் திறப்பதே இல்லை.

நான் மாற்றச் சொல்வது இரண்டு விஷயம். கேள்வியை அப்படியே பார்த்து எழுத வேண்டாம், நீ எழுதியது ஒரு வரி, சரியானது ஒரு வரி, ஏன் தவறினேன் என்று சீனத்தில் ஒரு வரி. அந்த மூன்றாவது வரிதான் உயிர். 'வினையைப் பார்க்கவில்லை' என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். 'நேற்று என்ற சொல் இருந்ததால் காலம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன்' என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இரண்டாவது, தேதி வாரியாக வேண்டாம், வகை வாரியாக எழுதட்டும். ஒரு மாதத்தில் ஒரு பக்கம் நிரம்பி வழியும், மற்ற பக்கங்கள் காலியாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் நிரம்பும் பக்கம் வேறு. அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த பத்தியை அவருக்கென்றே நீங்கள் எழுதலாம்.

பயிற்சியில் பத்துக்குப் பத்து, கட்டுரையில் அதே பிழைகள். ஏன்?

பயிற்சியில் 'இங்கே தப்பு இருக்கிறது' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோடிட்ட இடத்தில் அதைவிட அதிகம், எந்த இடம் என்றே காட்டிவிடுகிறார்கள். கட்டுரையில் எண்ணும் இல்லை, இடமும் இல்லை, அதோடு மூளை கதையை யோசிப்பதில் மும்முரமாக இருக்கிறது.

அதனால் அந்த உதவியைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதல் மாதம் பிழை எண்ணிக்கையைச் சொல்லுங்கள். அடுத்து, எந்த வாக்கியத்தில் என்று மட்டும் சொல்லுங்கள், எத்தனை என்று வேண்டாம். அதற்கு அப்புறம் எதுவும் சொல்லாமல் கொடுங்கள். பிறகு அவர்களே இரண்டு வாரத்துக்கு முன் எழுதிய கட்டுரையைப் பெயர் இல்லாமல் டைப் செய்து கொடுங்கள். தான் எழுதியது என்று தெரியாமல் அவ்வளவு கறாராகத் திருத்துவார்கள்! தெரிந்த பிறகு வெட்கப்படுகிற பிள்ளையாக இருந்தால் தனியாகக் கொடுங்கள், வகுப்பு நடுவில் வேண்டாம். முகம், அதாவது மானம், அவர்களுக்குப் பெரிய விஷயம், நமக்கும்தான்.

தேர்வில் எழுதி முடித்த பிறகு ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்து, வினை, பெயர், ஒட்டு என்ற அதே மூன்று சுற்று.

ஏஐ செயலியிடம் கொடுத்தால் நொடியில் திருத்திவிடுகிறதே?

திருத்திவிடும், அதுதான் பிரச்சினை. ஏழு பிழையும் ஒரே நொடியில் மறைந்துவிட்டால் மாணவன் கண்ணில் பட்டது ஒரு நல்ல கட்டுரை மட்டும்தான். திருத்தாதே, எந்த வரியில் தப்பு இருக்கிறது என்று மட்டும் சொல் என்று கேட்கப் பழக்குங்கள். அல்லது, மாணவனின் தவறு நோட்டில் நிரம்பிய பக்கத்தைச் சொல்லி அதே வகைப் பிழையோடு ஒரு புதிய பத்தி எழுதச் சொல்லலாம், அதில் எனக்கே நிறைய நேரம் மிச்சமாகிறது. கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை முழுதாகத் திருத்திப் பார்த்துவிடுங்கள், சொன்ன பிழையை வைக்காமலும் சொல்லாத பிழையை வைத்தும் தரும்.

பயிற்சிக்குப் பத்திகள் எங்கே தேடுவது? எந்த மாதிரி விஷயம் நல்லது?

அவர்களுக்குத் தெரிந்த விஷயம். அண்மைத் தேர்வுத் தாள்களிலேயே கோடிட்ட இடப் பத்திகள் அப்படித்தான் வருகின்றன: புதிய தாளில் 2021-இல் ஹுவாங்ஷான் மலை, 2022-இல் பாண்டா தேசியப் பூங்கா, 2023-இல் சியாவ்லோங்பாவ் என்கிற, உள்ளே சூப் இருக்கும் கொழுக்கட்டை. விஷயம் தெரிந்ததாக இருந்தால் மூளை முழுக்க இலக்கணத்துக்குக் கிடைக்கும். பழைய தாள்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பிழை திருத்தத்துக்கு மட்டும் நீங்களே எழுதுங்கள், மாணவரின் வாரக்கடைசி, அவர் ஊர்ச் சாப்பாடு, விடுதி அறை என்று.

இந்தியாவில் இருந்தபடி சீனாவில் உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் எடுக்க முடியுமா?

2021 ஜூலையில் சீன அரசு கொண்டுவந்த விதிகளின்படி, பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி நிறுவனங்கள் வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வைத்துப் பாடம் நடத்தக் கூடாது. அதனால் அந்த வேலையை நம்பித் திட்டம் போடாதீர்கள். கல்லூரி மாணவர்கள், வேலையில் இருப்பவர்கள், சிங்கப்பூர், மலேசியா போன்ற இடங்களுக்கு வந்துவிட்ட குடும்பங்கள் என்று பார்த்தால் வேலை இருக்கிறது. அவர்களிலும் பெரியவர்களுக்குத் தேர்வுத் தாள் வேண்டாம், அவர்கள் போன வாரம் அனுப்பிய இரண்டு மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி, அதையே முதல் பிழை திருத்தப் பத்தியாக வையுங்கள்.